ஒரு நாவலோடு உள்ளே வாருங்கள்: பிரெஞ்சுத் திறனாய்வில் இலக்கியமும் சமூகமும்

பிரெஞ்சு இலக்கியத் திறனாய்வுக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் திணறுகிறார்கள். ‘இலக்கியம் சமூகத்தின் கண்ணாடி’ என்ற வாக்கியம் பள்ளிக்கூடத்திலிருந்தே மனதில் இருக்கும். அதை நம்பி உள்ளே போனால் தெய்ன், லான்சோன், சார்த்ர், கோல்ட்மன், பூர்தியு என்று பெயர்கள் வரிசை கட்டி நிற்கும். ஆளுக்கு நாலு கலைச்சொல் வைத்திருப்பார்கள். நான்காவது ஆளிடம் போவதற்குள் முதலாமவர் சொன்னது மறந்துவிடும். நானும் ஒரு வருடம் கோட்பாட்டு நூல்களிலேயே சுற்றிக்கொண்டிருந்தேன். ஒரு நாவலைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு திறனாய்வாளரையும் அந்த நாவலுக்குள் அழைத்துப் பார்த்த பிறகுதான் யார் எதைச் சொல்கிறார் என்பது பிடிபட்டது. அந்த வழியைத்தான் இங்கே சொல்கிறேன்.

முதலில் கண்ணாடியைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்தாந்தால் 1830-இல் வெளியிட்ட ‘சிவப்பும் கறுப்பும்’ நாவலில் இந்த உவமை வருகிறது. ஆனால் அவருடைய கண்ணாடி சுவரில் மாட்டியது அல்ல. ஒருவன் முதுகுக் கூடையில் சுமந்துகொண்டு நெடுஞ்சாலையில் போகிறான். அது ஒரு சமயம் வானத்தின் நீலத்தைக் காட்டும், இன்னொரு சமயம் குட்டைச் சேற்றைக் காட்டும். சேறு தெரிகிறது என்று சுமப்பவனைத் திட்டாதீர்கள், தண்ணீர் தேங்க விட்ட சாலை அதிகாரியைத் திட்டுங்கள் என்கிறார். யார் சுமக்கிறார், எந்தச் சாலை, யார் பார்க்கிறார் என்று மூன்று கேள்விகள் அந்த உவமைக்குள்ளேயே இருக்கின்றன. பிரெஞ்சுத் திறனாய்வாளர்களில் பலருக்கும் இலக்கியத்துக்கும் சமூகத்துக்கும் தொடர்பு உண்டா என்பதில் சண்டை இல்லை. அந்தத் தொடர்பு எந்த இடத்தில் நடக்கிறது என்பதில்தான் சண்டை. ஆகவே யாரைப் படித்தாலும் ஒன்றை மட்டும் கேளுங்கள்: இவர் பாலத்தை எங்கே கட்டுகிறார்?

முதல் படி: நாவலைப் படியுங்கள், பென்சிலோடு

குஸ்தாவ் ஃப்ளோபேரின் ‘மதாம் பொவாரி’யை எடுத்துக்கொள்ளச் சொல்வேன். காரணம் எளிது. கடந்த 160 வருடங்களில் பிரான்சின் முக்கியமான திறனாய்வாளர்களில் பலர் ஃப்ளோபேரைத் தொட்டிருக்கிறார்கள். 1856-இல் பத்திரிகைத் தொடராக வந்தது. 1857 ஜனவரி 29-ஆம் தேதி பொது ஒழுக்கத்துக்கும் மதத்துக்கும் ஊறு செய்ததாக ஆசிரியர் நீதிமன்றத்தில் நின்றார். பிப்ரவரி 7-இல் விடுதலையானார். அரசு வழக்கறிஞர் எர்னெஸ்ட் பினார் கேட்ட கேள்வி ஒன்று முக்கியம்: இந்தப் புத்தகத்துக்குள் இந்தப் பெண்ணைக் கண்டிக்கக்கூடியவர் யார்? ஒருவரும் இல்லை. நாவலின் வடிவம் என்ன செய்திருக்கிறது என்பதை அந்த ஆள் சரியாகவே பார்த்திருக்கிறார். அதைக் குற்றமாகப் பார்த்ததுதான் அவர் தவறு.

படிக்கும்போது காதலை விட்டுவிட்டு மூன்றை மட்டும் ஓரத்தில் குறித்துக்கொண்டே போங்கள்: பணம், உடுப்பு, பட்டம். கடன் பத்திரங்களும் வட்டியும் கதையை எவ்வளவு இழுக்கின்றன என்பது அப்போதுதான் தெரியும். நாவலின் நாயகி, கிராமத்து மருத்துவர் சார்ல் பொவாரியின் மனைவி எம்மா விஷம் குடிப்பது காதலர்கள் கைவிட்டதால் மட்டும் அல்ல, துணிக்கடைக்காரன் லெரோவிடம் வைத்த கடனாலும்தான். கடைசிப் பக்கத்தில் அவள் மகள் பெர்த் பஞ்சாலைக்கு வேலைக்குப் போகிறாள். அந்த ஒற்றை வாக்கியத்தைப் பலர் கவனிக்காமலேயே புத்தகத்தை மூடிவிடுகிறார்கள்.

இரண்டாம் படி: முதல் வாக்கியத்தில் ஒரு மணி நேரம் நில்லுங்கள்

நாவலின் தொடக்கம் ஏறக்குறைய இப்படி: நாங்கள் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தோம், அப்போது தலைமையாசிரியர் உள்ளே வந்தார், பின்னால் ‘பூர்ஷ்வா உடுப்பில்’ ஒரு புதுப் பையன், அவனுக்குப் பின்னால் பெரிய மேசை ஒன்றைத் தூக்கிக்கொண்டு பள்ளிப் பணியாள்.

1971-இல் ‘லித்தெரத்யூர்’ என்ற ஆய்விதழின் முதல் இதழில் க்லோத் துஷே இந்தத் தொடக்கத்தை வைத்து ஒரு முழுக் கட்டுரை எழுதினார். ‘சமூகத் திறனாய்வு’ என்று நாம் சொல்லக்கூடிய ஒரு சிந்தனைப் பள்ளி அங்கேதான் தன் பெயரைச் சொல்லிக்கொண்டு கிளம்புகிறது. துஷேவின் நிலைப்பாடு இதுதான்: சமூகத்தைத் தேடிப் பிரதிக்கு வெளியே ஓடாதீர்கள், அது வாக்கியத்துக்குள்ளேயே இருக்கிறது.

அந்த உற்சாகத்தில் நீங்களே அந்த வாக்கியத்தைப் பிரித்துப் பாருங்கள். ‘பூர்ஷ்வா உடுப்பு’ என்பதற்கு அந்த இடத்தில் நேர்ப்பொருள், பையன் இன்னும் பள்ளிச் சீருடை போடவில்லை, சாதாரண உடுப்பில் வந்திருக்கிறான் என்பது. ஆனால் சில வரிகளுக்குள்ளேயே அவன் கிராமத்துப் பையன் என்று தெரிந்துவிடுகிறது. சரியாக மெருகு போடாத, ஆணி அடித்த முரட்டுப் பூட்ஸ் போட்டிருக்கிறான். ஆக, வசதியான நடுத்தர வர்க்கத்தைக் குறிக்கும் ‘பூர்ஷ்வா’ என்ற பெயர் அந்த வர்க்கத்தைச் சேராதவன் மேல் தொங்குகிறது. அந்தப் பையன்தான் சார்ல் பொவாரி, அவனுடைய முழு வாழ்க்கையும் இதுதான். பிறகு அந்த ‘நாங்கள்’. யார் அந்த நாங்கள்? ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள், புதிதாக வருபவனைப் பார்த்துச் சிரிக்கப்போகிறவர்கள். சில பக்கங்களில் இந்த ‘நாங்கள்’ காணாமல் போய்விடுகிறது, ஆனால் அந்தச் சிரிப்பு போவதில்லை. வாக்கியத்தில் வரும் வரிசையையும் பாருங்கள்: தலைமையாசிரியர் முன்னால், மாணவன் நடுவில், சுமை தூக்குபவர் கடைசியில். ஒரு சமூகம் கதவு வழியாக வரிசையாக உள்ளே வருகிறது.

கொஞ்சம் கீழே அந்தப் பிரபலமான தொப்பி வரும். பல வகைத் தொப்பிகளின் துண்டுகளை ஒன்றாக வைத்துத் தைத்தது போன்ற ஒரு கலவை. அது புதியது, முன்விளிம்பு மின்னியது என்று வர்ணனை முடியும். பையனுடைய அம்மாவின் ஆசை முழுக்க அந்த மினுக்கத்தில் இருக்கிறது. இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மீதிப் படிகளுக்கு இதுதான் உரைகல்.

மூன்றாம் படி: பழைய நால்வரை வேகமாகக் கடந்து வாருங்கள்

இவர்களை முழுதாகப் படிக்க வேண்டிய அவசியம் தொடக்கத்தில் இல்லை. ஒவ்வொருவரும் பாலத்தை எங்கே கட்டினார் என்று தெரிந்தால் போதும்.

மதாம் த ஸ்தால் 1800-இல், சமூக நிறுவனங்களோடு இலக்கியத்துக்கு உள்ள உறவைப் பற்றி ஒரு நூலே எழுதினார். மதம், பழக்கவழக்கம், சட்டம் ஆகியவை இலக்கியத்தை எப்படிப் பாதிக்கின்றன, இலக்கியம் திரும்பவும் அவற்றை எப்படிப் பாதிக்கிறது என்று பார்ப்பதே நோக்கம் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். இரண்டு திசையிலும் போக்குவரத்து உள்ள பாலம் அது. பின்னால் வந்த பலர் ஒரு திசையை மறந்தார்கள். ஜெர்மனியைப் பற்றி அவர் எழுதிய நூலை 1810-இல் நெப்போலியனின் காவல்துறை அழித்தது, 1813-இல் லண்டனில்தான் வெளிவந்தது. இலக்கியத்துக்குச் சமூகத்தின் மேல் செல்வாக்கு உண்டு என்பதை நெப்போலியனும் நம்பியிருக்கிறார்!

சேன்ட்-பவ் பாலத்தை ஆசிரியரின் வாழ்க்கையில் கட்டினார். மரம் எப்படியோ பழமும் அப்படி என்பது அவர் வழி. 1857 மே மாதம் ‘மதாம் பொவாரி’ பற்றி எழுதியபோது, சிறந்த மருத்துவர்களின் மகனும் தம்பியுமான ஃப்ளோபேர், மற்றவர்கள் அறுவைக் கத்தியைப் பிடிப்பதுபோலப் பேனாவைப் பிடிக்கிறார் என்றார். அழகான வாக்கியம். அந்த வீட்டிலேயே மருத்துவத் தொழிலுக்குப் போன அண்ணன் ஏன் ‘மதாம் பொவாரி’யை எழுதவில்லை என்று கேட்டால் மட்டும் பதில் இல்லை.

இப்போலித் தெய்ன் 1860-களில் ஆங்கில இலக்கிய வரலாற்றின் முன்னுரையில் இலக்கியத்தை உருவாக்குபவை இனம், சூழல், தருணம் என்று மூன்றைச் சொன்னார். நற்பண்பும் தீயபண்பும் சர்க்கரையையும் கந்தக அமிலத்தையும் போல விளைபொருள்கள்தான் என்ற அவருடைய வாக்கியத்தை எமில் ஸோலா ஒரு நாவலுக்கு முகப்பு வரியாக வைத்தார். ‘இனம்’ என்ற சொல்லை இன்று அப்படியே ஏற்க முடியாது, ஏற்கவும் கூடாது. ஆனால் லா ஃபோந்தேனின் விலங்குக் கதைகளில் சிங்கத்தை அரசனாகவும் நரியை அரசவைக்காரனாகவும் படித்துக் காட்டிய தெய்ன் இன்னும் படிக்கத் தகுந்தவர்.

குஸ்தாவ் லான்சோன் நான்காமவர். வெறும் தேதிகளும் மூலப்பிரதிகளும் தேடும் ஆசிரியர் என்று பின்னால் கேலி செய்யப்பட்டவர். உண்மையில் 1904-இல் சமூகவியலாளர் துர்கேமின் அழைப்பில் இலக்கிய வரலாறும் சமூகவியலும் பற்றி அவர் ஆற்றிய உரை நம் தலைப்புக்கு நேரடி வாசல். வாசகர் கூட்டம் தனக்கே தெரியாமல் தனக்கான படைப்பைக் கேட்டு வாங்கிக்கொள்கிறது என்றார். பாலம் முதல்முறையாக வாசகர் பக்கம் நகர்கிறது.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கைக் கதை. லான்சோனின் மாணவர் தனியேல் மோர்னே 1910-இல், 1750-க்கும் 1780-க்கும் இடையிலான 500 தனியார் நூலகப் பட்டியல்களை எண்ணிப் பார்த்தார். ரூசோவின் ‘சமூக ஒப்பந்தம்’ எத்தனை இருந்தது தெரியுமா? ஒன்றே ஒன்று. அப்படியானால் பிரெஞ்சுப் புரட்சிக்கும் அந்த நூலுக்கும் தொடர்பே இல்லையா? அவசரப்படாதீர்கள். அவை பெரும்பாலும் நூல்களை ஏலம் விடுவதற்காக அச்சிட்ட பட்டியல்கள். தடை செய்யப்பட்ட நூலைப் பட்டியலில் போட மாட்டார்கள். ஏலம் விடும் அளவுக்கு நூலகம் வைத்திருந்தவர்கள் மொத்த வாசகர்களும் அல்ல. எண்களைப் பார்க்கும்போதெல்லாம் இந்தப் பட்டியலை யார், எதற்காகத் தயாரித்தார்கள் என்று கேட்கும் பழக்கத்தை மோர்னேயின் அந்த ஒற்றைப் பிரதி எனக்குக் கொடுத்தது.

நான்காம் படி: சார்த்ரிடம் ‘யாருக்காக?’ என்பதைக் கற்றுக்கொள்ளுங்கள்

சார்த்ரின் ‘இலக்கியம் என்றால் என்ன?’ 1947-இல் ‘லே தாம் மொதெர்ன்’ இதழில் வந்தது. ஈடுபாட்டு இலக்கியம், அதாவது தன் காலத்தின் அரசியலில் பக்கம் எடுக்கும் இலக்கியம், பற்றிய முழக்கங்களில் மாட்டிக்கொள்ளாமல் நேராக ‘யாருக்காக எழுதுகிறோம்?’ என்ற மூன்றாம் பகுதிக்குப் போங்கள். பறித்த உடனே சாப்பிடும் வாழைப்பழம்தான் ருசி, படைப்புகளையும் அந்தந்த இடத்திலேயே உண்ண வேண்டும் என்கிறார் சார்த்ர். ஜெர்மன் ஆக்கிரமிப்பின்போது பாரிஸில் ரகசியமாக அச்சான ஒரு குறுநாவல், உள்ளே இருந்தவர்களுக்கு எதிர்ப்பின் குரலாகக் கேட்டது. நாட்டுக்கு வெளியே இருந்தவர்களில் சிலருக்கு, ஜெர்மானியனை இத்தனை நல்லவனாகக் காட்டுவதா என்று சந்தேகமாக இருந்தது. அதே சொற்கள், வேறு வாசகர்கள், வேறு பொருள். அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் ரிச்சர்ட் ரைட் ஒரே பக்கத்தில் கறுப்பர்களுக்கும் வெள்ளையர்களுக்கும் எழுத நேர்ந்ததால் அவர் நடையிலேயே ஓர் இழுவிசை வந்தது என்று சார்த்ர் காட்டும் பகுதியை விட்டுவிடாதீர்கள்.

அப்புறம் அவர் ஃப்ளோபேர் மேல் சுமத்திய குற்றச்சாட்டு. 1871-இல் பாரிஸ் மக்கள் எழுச்சியில் அமைந்த கம்யூன் ஆட்சிக்குப் பிறகு நடந்த ஒடுக்குமுறைக்கு ஃப்ளோபேரும் நாவலாசிரியர் கோன்கூரும் பொறுப்பு, அதைத் தடுக்க அவர்கள் ஒரு வரி எழுதவில்லை என்று 1945-இல் எழுதினார். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. எழுதாத வரிக்கும் கணக்குக் கேட்கலாம் என்ற எண்ணம் மட்டும் என்னை விடவில்லை. சார்த்ரையும் அது விடவில்லை போலும், ஃப்ளோபேரைப் பற்றி 1971, 1972-இல் மூன்று பெரிய தொகுதிகள் எழுதி வெளியிட்டார். இடையில் அவரே சொன்ன ஒரு வாக்கியத்தை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: (கவிஞர்) வலேரி ஒரு குட்டி பூர்ஷ்வா அறிவுஜீவி, சந்தேகம் இல்லை, ஆனால் எல்லாக் குட்டி பூர்ஷ்வா அறிவுஜீவியும் வலேரி இல்லை.

ஐந்தாம் படி: கோல்ட்மனுக்காக ஒரு நாள் நாவலை மூடி வையுங்கள்

லூசியன் கோல்ட்மன் ருமேனியாவில் பிறந்து பாரிஸில் எழுதியவர். 1950-களின் நடுவில் வந்த ‘மறைந்திருக்கும் கடவுள்’ பதினேழாம் நூற்றாண்டின் சிந்தனையாளர் பாஸ்கலையும் நாடகாசிரியர் ராசீனையும் பற்றியது, ஆகவே ‘மதாம் பொவாரி’ இங்கே உதவாது. அவர் கட்டும் பாலம் தனிமனிதனிலும் இல்லை, கதையின் உள்ளடக்கத்திலும் இல்லை. ஒரு சமூகக் குழுவின் உலகநோக்கின் அமைப்பும் படைப்பின் அமைப்பும் ஒத்துப்போவதில் இருக்கிறது.

அவர் எடுக்கும் குழு, நீதிமன்றப் பதவிகளால் பிரபுப் பட்டம் பெற்ற குடும்பங்கள். அவர்களுடைய பதவி அரசனை நம்பி இருக்கிறது. அதே அரசன் தனக்கு நேரடியாகக் கட்டுப்பட்ட அதிகாரிகளை நியமித்து அவர்கள் கையிலிருந்து அதிகாரத்தை எடுத்துக்கொண்டே போகிறான். எதிர்க்கவும் முடியாது, ஆதரிக்கவும் முடியாது. இந்தக் குழுவில்தான் ஜான்செனிசம் என்ற கடுமையான சமயப் பிரிவு வேரூன்றுகிறது என்கிறார் கோல்ட்மன்: உலகத்தை நிராகரிக்க வேண்டும், ஆனால் உலகத்தில்தான் வாழ வேண்டும், கடவுள் பார்த்துக்கொண்டே இருக்கிறார், ஆனால் பேசுவதில்லை. ராசீனின் ‘ஃபேத்ர்’ நாடகத்தில் சூரியனின் பார்வைக்குக் கீழே ஒளிய இடமில்லாமல் நிற்கும் பெண்ணை நினைத்துப் பாருங்கள். நாடகத்தில் நீதிபதிகளும் இல்லை, பதவிகளும் இல்லை. அந்த இக்கட்டின் வடிவம் மட்டும் இருக்கிறது. எல்லா நூலுக்கும் இது பொருந்தாது. பொருந்தும் இடத்தில் இதுபோல் ஆழமாகப் போகிற முறையை நான் வேறு பார்க்கவில்லை.

இங்கே பார்த், மாஷெரே என்ற இரண்டு திறனாய்வாளர்களையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகலாம். ரொலான் பார்த்தின் ‘ராசீன் பற்றி’ 1963-இல் வந்து, பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவரின் கடும் தாக்குதலைக் கிளப்பியது. அதன் கடைசிக் கட்டுரையில் இலக்கிய வரலாறு எழுத வேண்டுமானால் தனி ஆசிரியர்களை விட்டுவிட்டு, நிறுவனங்களையும் வாசகர்களையும் எழுதுங்கள் என்கிறார். பியர் மாஷெரே 1966-இல், ஒரு நூல் சொல்லாமல் விட்டதில்தான் அதன் காலம் பேசுகிறது என்றார்.

ஆறாம் படி: பூர்தியுவோடு மறுபடி ஃப்ளோபேரிடம்

பியர் பூர்தியுவின் ‘கலையின் விதிகள்’ (1992) தடித்த புத்தகம். முன்னுரையில் ஃப்ளோபேரின் ‘உணர்ச்சிக் கல்வி’ நாவலை அலசுகிறார், அங்கே தொடங்கினால் உள்ளே போய்விடலாம். அவருடைய மையச் சொல் ‘களம்’. சமூகத்துக்கும் நூலுக்கும் இடையில் எழுத்தாளர்கள், பதிப்பகங்கள், இதழ்கள், பரிசுகள், அகாதமி என்று தனி விதிகளோடு ஒரு சின்ன உலகம் இருக்கிறது. வெளியுலகின் அழுத்தம் எதுவும் அந்த உலகைக் கடந்துதான் நூலுக்குள் வரும், வரும்போது உருமாறி வரும். அந்த உலகில் கணக்கு தலைகீழ்: உடனே நிறைய விற்றால் மதிப்புக் குறையலாம், விற்காமல் இருந்தால் மதிப்பு சேரலாம்.

‘மதாம் பொவாரி’யை இப்படிப் பாருங்கள். சாதாரண மனிதர்களின் கதையை எழுதும் யதார்த்தவாதிகள் ஒரு பக்கம் இருந்தார்கள், நடையைச் செதுக்கும் கவிஞர்கள் மறுபக்கம். ஃப்ளோபேர் யதார்த்தவாதத்தின் மேல் உள்ள வெறுப்பில்தான் இந்த நாவலை எழுதத் தொடங்கியதாக ஒரு கடிதத்தில் சொல்கிறார். சாதாரண விஷயம், கவிதைக்குரிய கவனம்: இரண்டையும் சேர்த்து இல்லாத ஓர் இடத்தைக் களத்தில் உண்டாக்கினார். இதற்கு ஏறக்குறைய ஐந்து வருடம் ஆனது. பதிப்பாளர் முதலில் கொடுத்தது 800 பிராங்க். குடும்பச் சொத்து இல்லாமல் ஐந்து வருடம் ஒரு வாக்கியத்தோடு யாரால் உட்கார்ந்திருக்க முடியும்? சந்தையிலிருந்து விடுபட்ட கலைக்கும் பணம் வேண்டியிருந்தது என்று பூர்தியு காட்டும் இடம் எனக்குச் சங்கடமாகவும் இருந்தது, தெளிவாகவும் இருந்தது. அதே 1857 ஆகஸ்டில் அதே பினார் கவிஞர் போத்லேரையும் நீதிமன்றத்தில் நிறுத்தினார். ஆறு கவிதைகள் தடை, 300 பிராங்க் அபராதம். தன் விதியைத் தானே வகுத்துக்கொள்ள முயலும் களம் அரசோடு எங்கே மோதுகிறது என்பதை இந்த இரண்டு வழக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும்.

பூர்தியுவுக்குப் பின் வந்தவர்களில் ஜிசேல் சபிரோவிடம் போங்கள். ஆக்கிரமிப்புக் காலத்தில் எந்த எழுத்தாளர் எந்தப் பக்கம் சாய்ந்தார், ஏன் என்பதைக் களத்தை வைத்து 1999-இல் எழுதினார்.

ஏழாம் படி: இப்போது நீங்களே ஒரு பக்கம் எழுதுங்கள்

நாவலின் இரண்டாம் பகுதியில் விவசாயக் கண்காட்சி வரும். கீழே மேடையில் பரிசு அறிவிப்புகள், மேலே நகராட்சிக் கட்டடத்தின் மாடியில் ரொதோல்ஃப் எம்மாவிடம் காதல் பேசுகிறான். இரண்டு பேச்சும் மாறி மாறி வெட்டிக்கொள்ளும். அப்போது காதரின் லெரூ என்ற கிழவி மேடைக்கு அழைக்கப்படுகிறாள். ஒரே பண்ணையில் 54 வருடம் வேலை பார்த்ததற்காக 25 பிராங்க் பெறுமான வெள்ளிப் பதக்கம். முகம் மலர்ந்த பூர்ஷ்வாக்களுக்கு முன்னால் அரை நூற்றாண்டு அடிமைத்தனம் நின்றது என்கிறது வாக்கியம். பதக்கத்தை வாங்கிக்கொண்டு, ஊர்ப் பாதிரியாருக்குக் கொடுத்துப் பூசை வைக்கச் சொல்லப் போகிறேன் என்று முணுமுணுத்துக்கொண்டே போகிறாள்.

இந்தக் காட்சியை வைத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். தெய்ன் எதைப் பார்ப்பார்? நார்மண்டி மண்ணை. சார்த்ர்? இதைப் படிக்கப் போகிறவர் காதரின் லெரூ இல்லையே என்பார். துஷே ‘அடிமைத்தனம்’ என்ற சொல் மேடைப் பேச்சின் சொற்களுக்குப் பக்கத்தில் எப்படி ஒலிக்கிறது என்று கேட்பார். பூர்தியு இவ்வளவு கோபமான வாக்கியம் ஏன் இவ்வளவு அமைதியான நடையில் இருக்கிறது என்று கேட்பார். நாலு பதிலையும் நாலு பத்தியாக எழுதுங்கள். எது காட்சியை அதிகம் திறக்கிறது, எது காட்சியே தேவைப்படாமல் பேசுகிறது என்று எழுதும்போதே கைக்குத் தெரிந்துவிடும்.

பிரெஞ்சு கொஞ்சம் தெரிந்தவர்களுக்கு எல்லாம் வீட்டிலேயே கிடைக்கிறது. பிரெஞ்சு தேசிய நூலகத்தின் கலிகா தளத்தில் பழைய பதிப்புகள் இலவசம். ‘லித்தெரத்யூர்’ இதழின் பழைய இதழ்கள் பெர்சே தளத்தில் உண்டு, துஷேவின் கட்டுரையும் அங்கேதான். ‘மதாம் பொவாரி’யின் கையெழுத்துப் படிகள் ரூவான் நகரில் இருக்கின்றன, அவற்றின் படங்கள் இணையத்திலும் உள்ளன. ஒரு பக்கத்தில் எத்தனை அடித்தல் என்று பார்த்தால் அந்த ஐந்து வருடம் கண்ணுக்கு நேராகத் தெரியும்.

இதெல்லாம் முடிந்ததும் அடுத்த புத்தகமாக அன்னி எர்னோ எழுதிய, 1983-இல் வந்த ‘லா பிளாஸ்’ நூலை எடுங்கள். அப்பாவின் வாழ்க்கையைச் சின்னச் சின்னப் பத்திகளில் சொல்வது, நூறு பக்கம்கூடப் பெரிதாகத் தாண்டாது. பூர்தியுவைப் படித்ததுதான் தனக்கு எழுத வழி திறந்தது என்று சொன்னவர் எர்னோ, 2022-இல் நோபல் பரிசு பெற்றார். அவருடைய அப்பா மளிகைக்கடையும் காபிக்கடையும் நடத்திய ஊர் நார்மண்டியில் உள்ள ஈவ்தோ. ‘மதாம் பொவாரி’யின் திருமண விருந்துப் பக்கத்துக்குத் திரும்பிப் போய்ப் பாருங்கள்: எம்மாவின் கல்யாணத்துக்கு இனிப்புகள் செய்ய ஆளை வரவழைத்தது அதே ஈவ்தோவிலிருந்துதான்.